கருத்தப்பாண்டியை எதிர்க்க ஓர் ஆள்

"...சோப்பு இருக்கட்டும் அண்ணாச்சி, எங்க போயிறப்போகுது. மொதல்ல அந்தத் தண்ணி டேங்க எட்டிப் பாருங்க. மேல வெள்ளச் சட்ட தெரியுதா? அது கருத்தப்பாண்டி. கரிசக்காட்டுல உளுந்தும் மல்லியும் போட்டு வெவசாயம் பாக்குற சம்சாரி. நாளைக்கு அவருக்குக் கல்யாணம். எறங்க மாட்டேங்காரு..."

பந்தல்குடியில் ரோட்டோரம் மளிகைக்கடை வைத்திருக்கிற ராமலட்சுமி பேசிக்கொண்டே இருந்தாள். தூத்துக்குடிக்கு லோடு கொண்டுபோகிற லாரி டிரைவர், குளிக்க ஒரு சோப்பு வாங்க இறங்கியவர், நீட்டிய காசோடு நின்றார். அதை வாங்கத்தான் அவளுக்கு நேரமில்லை.

"எதுக்கு ஏறுனாருன்னு கேக்கீகளா? கல்யாணத்த ஊர்ல ஒருத்தரும் எதுக்கலையாம், அதான் கோவம். பொண்ணு வெள்ளைத்தாயி, எதுத்தாப்புல டைலர் கட வச்சிருக்கா. புருசன் செத்துச் சில வருசமாச்சு, நல்ல புள்ள. இவருக்கு அவ மேல ரொம்ப நாளா ஒரு இது. சொல்லத் தகிரியமில்ல. பருத்திக்கொட்ட வாங்க வந்தா, அந்தக் கடையவே பாத்துட்டு நிப்பாரு. எனக்குப் பொறுக்கல. நான் படிச்ச நாவலெல்லாம் அந்தா, ஊறுகா பாட்டிலுக்குப் பின்னால கெடக்கு. அதுல ஒண்ணக் குடுத்தேன். ஒத்த மனுசன் ஊரையே எதுத்துக்கிட்டு, தன் கொள்கைய விடாம நின்ன கத. ஊரே கல்லெடுத்து எறியும், அவன் சிரிச்சுக்கிட்டே நிப்பான். படிக்கப் படிக்க நெஞ்சு நிமிரும் அண்ணாச்சி. இவருக்கும் நிமிந்துருச்சு. போயிக் கேட்டுட்டாரு. அவளும் சரின்னுட்டா.

"அப்புறம் கல்லு வரும்னு காத்திருக்காரு. எங்குட்டு வரும்? ஊருக்கும் நாந்தான நாவல் குடுக்கேன். உப்பு வாங்க வந்தவுகளக்கூடச் சும்மா அனுப்புனதில்ல. நாட்டாம நல்லமுத்து, எதையும் எதுக்குறதுக்குன்னே பொறந்தவரு. அவருக்குப் பதவியத் தூக்கி எறிஞ்சவன் கதயக் குடுத்தேன். அவரும் நாட்டாமப் பதவி வேண்டாம்னு வாட்சப்பு குரூப்புல எழுதிப்போட்டுட்டு ஆடு மேய்க்கப் போயிட்டாரு. வெள்ளைத்தாயோட பழைய மாமனாராவது கத்துவாருன்னு பாத்தா, 'நானே தாலி எடுத்துக் குடுக்கேன், ஊரு பழிச்சாலும் கவலயில்ல'ங்காரு. பழிக்க ஊரு எங்க இருக்கு? ஆளாளுக்குத் தனியால்ல நிக்காக.

"ஒரு ஏச்சு இல்ல, பேச்சு இல்ல, இது என்ன கல்யாணம்னு இவரு ஏறிட்டாரு. நான் போயி, கூடாது இந்தக் கல்யாணம்னு கீழ நின்னு கத்துனேன். நம்பல. 'நீங்கதான புஸ்தகம் குடுத்தது'ன்னுட்டாரு. நீங்க வெளியூரு அண்ணாச்சி. எங்கிட்ட வாங்கி ஒண்ணும் படிக்கல. போற போக்குல நறுக்குனு நாலு வார்த்த ஏசிட்டுப் போங்க. அந்தப் புள்ள கல்யாணச் சேலய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா..."

டிரைவர் காசைப் பலகையில் வைத்தார். சோப்பைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தார். லாரி கிளம்பிவிட்டது. ராமலட்சுமிக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஆனால் டேங்குக்குக் கீழே லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏலே, இந்தக் கல்யாணம் எப்படி நடக்குதுன்னு நானும் பாக்கேன்லே" என்று ஓர் அதட்டுப் போட்டுவிட்டு, அவர் பாட்டுக்குப் போனார்.

கருத்தப்பாண்டி மடமடவென்று இறங்கினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டைலர் கடைக்குள் நுழைந்தார். ராமலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த மூச்சை விட்டு முடிப்பதற்குள், அவர் தொங்கிய முகத்தோடு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அவ கல்யாணம் வேண்டாம்னுட்டா. யாரையும் நம்பாம, தன் கால்ல தனியா நிக்கப்போறாளாம்."

ராமலட்சுமி ஊறுகாய் பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு மனசு தேறட்டும் என்று, காலையில் அவள்தான் போய் ஒரு நாவலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"முழுசும் படிச்சிட்டாளா?"

"பாதியில இருக்கா."

"அப்ப ஓடிப்போயிக் கையில இருந்து புடுங்குங்க" என்றாள் ராமலட்சுமி. "பின்பாதி இன்னும் நல்லாருக்கும்."