போயிட்டு வா

பொழுது அடைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். உச்சிப்புளிக்குக் கிழக்கே, தண்டவாளத்தை ஒட்டிய மணல் பாதை... இரண்டு பக்கமும் பனை. ஆள் கிடையாது. என் நண்பன் கருப்பையாவின் சித்தப்பா செல்லச்சாமி, ஸ்டேஷனில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல வராது.

முந்தின வருஷம் வரை அங்கே ஒரு பாதை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் ரயில்வே கேட் இருந்தது. அவர்தான் கேட்டுக்காரர். விடியுமுன்னே யாகப்பம்மாள் கருவாட்டுக் கூடையோடு கடப்பாள். "வாரேண்ணே" என்பாள். அவர் "போ" என்றால் நகரமாட்டாள். "வெறும் போ சொல்லாதீக. போயிட்டு வான்னு சொல்லுங்கண்ணே."

ஒரு நாள் வாடைக்காற்று. பனையோலை இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. கேட்டை அடைக்காமலே அவர் கேட்டு அறைக்குள்ளே சுருண்டு கிடந்தார்.

"வண்டி வருதாண்ணே?"

"வரல. போ."

அவள் அசையவில்லை.

"சரித்தா... போயிட்டு வா."

வண்டி வந்தது.

அவள் புருஷன் சிலுவைமுத்துவிடம் கூடையை மட்டும்தான் முழுசாகக் கொடுத்தார்கள்.

விசாரணையில், கேட் அடைத்திருந்தது, அவள்தான் குனிந்து நுழைந்தாள் என்றார் செல்லச்சாமி. அவர் மனைவி தாய்வீட்டில் நிறைமாசம். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வேலை போகக்கூடாது. தப்பு செத்தவள் மேல் என்று முடிந்தது. ஆபத்தான இடம் என்று கேட்டையும் எடுத்துவிட்டார்கள். கடக்கிற பாதையை வெட்டி, குறுக்கே பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டார்கள். கேட்டுக்காரர் இருந்த அறையையும் இடித்தாயிற்று.

வேலை முடிந்து நடந்த அந்த அந்தியில், கேட் இருந்த இடத்துக்கு அவர் வந்தபோது காற்றே இல்லை... ஒரு ஓலை ஆடவில்லை. ஆனால் கருவாட்டு வீச்சம். பச்சையாக, மூக்குக்குப் பக்கத்தில். நடையை எட்டிப் போட்டார். எதிரே குடத்தோடு மனைவி நாகலெட்சுமி.

"பிள்ளய எங்க?"

"கருவாட்டுக்காரம்மா ஒண்ணு வந்திருக்கு. நீங்கதேன் வரச் சொன்னீகளாம். அதுகிட்ட குடுத்துட்டுத்தேன் தண்ணிக்கு வாரேன்."

ஓடினார்.

வீட்டில் யாருமில்லை. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கை வைத்தார்... துணியில் பிள்ளைச் சூடு. விரலை எடுத்தால் உப்பு.

அப்போது தண்டவாளப் பக்கம், கேட்டே இல்லாத இடத்தில், கேட்டுச் சங்கிலி கழன்று விழும் சத்தம். கிணிங்...

அதற்குப் பின்னால் அந்தக் குரல்.

"போயிட்டு வாரோம்ணே."