சாம்பல் கலந்த மயில் நிறம்

— பிரஷ்ஷைக் கீழ வைங்க பெயிண்டரே. உங்களைத்தான். எங்கம்மா ரூம் சுவத்துல கை வைக்கச் சொல்லி உங்ககிட்ட யார் சொன்னது?

— இந்த வீட்டம்மாதான் சொன்னாங்க. சொல்லப்போனா மூணு சுவரு முடிஞ்சிருச்சும்மா. நாலாவதைப் பாதியில விட்டா, காஞ்ச இடமும் ஈர இடமும் ஒட்டாது. நடுவுல கோடு கோடாத் தெரியும்.

— தெரியட்டும். அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க. இது என்ன கலர்?

— மெதுவா நில்லு பாப்பா. தரையில விரிச்ச பேப்பரெல்லாம் உன் காலோட வருது.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இது நீலமா, பச்சையா? மயில் கழுத்தைச் சாம்பல்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. எங்கம்மா இருந்தப்ப இந்த ரூம் பாலாடை மாதிரி வெளுப்பா, பளிச்சுன்னு இருக்கும்.

— சரி, அப்புறம்?

— என்ன அப்புறம்? அம்மா போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை. அண்ணனுக்கும் எனக்கும் அவங்கதானே அம்மா. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?

— சொல்லப்போனா ஈரத்துலதாம்மா பச்சை தூக்கலாத் தெரியும். காஞ்சா நீலம் வெளிய வரும். ரெண்டாவது கோட்டு முடிஞ்சதும் பாருங்க, கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும்.

— நான் உங்ககிட்ட பேசலை. இல்ல, ஒண்ணு கேக்கறேன். கட்டில் தலைமாட்டுல ஒரு கறை இருந்துச்சே. அம்மா சாஞ்சு சாஞ்சு உக்காந்து, தலை எண்ணெய் இறங்கின கறை. அது எங்க?

— அதுதாம்மா என் உசிரை வாங்கிருச்சு. சோப்புத் தண்ணி விட்டுத் தேய்ச்சு, உப்புத்தாளால சுரண்டி, பிரைமரை ரெண்டு தடவை அடிச்சேன். எண்ணெயை அப்படியே விட்டா எந்தக் கலரடிச்சாலும் நாலே நாள்ல மேல வந்து நிக்கும்.

— சுரண்டிட்டீங்க. அவங்க இருந்தாங்கங்கிறதுக்கு இந்த வீட்டுல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் சுரண்டி எடுத்துட்டீங்க.

— பெயிண்டரே, நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

— சரிங்கம்மா. அப்படியே கடையில தாழ்ப்பாளும் பாத்துட்டு வந்துடறேன். கதவுக்கு உள்பக்கம் போடறதுதானே? பெரிசா?

— ஆமா, பெரிசு. நல்லாக் கனமா இருக்கட்டும்.

— உள்பக்கம் தாழ்ப்பாள் எதுக்கு அண்ணி? அம்மா உள்ள விழுந்துட்டா கதவைத் திறக்க முடியாதுன்னு பழைய தாழ்ப்பாளைக் கழட்டினதே நீங்கதானே. இப்ப யாருக்கு? ஆள் வைக்கப் போறீங்களா வாடகைக்கு?

— வாடகைக்கெல்லாம் இல்ல.

— அப்ப உங்க தங்கச்சி வந்து உக்காரப் போறாளா? எப்படா இந்த ரூம் காலியாகும்னு இருந்தீங்களாக்கும்.

— என் தங்கச்சி அவ வீட்டுல நல்லாத்தான் இருக்கா. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. அந்தக் கறையை நீ மொத்தம் எத்தனை தடவை பாத்திருப்பே?

— இது என்ன கேள்வி?

— உங்கம்மா படுக்கையில விழுந்த மூணு வருஷத்துல நீ வந்தது நாலு தடவை. நாலாவது தடவை வந்தப்ப அவங்களுக்கு மூச்சு இல்ல. வாரம் தவறாம அந்தச் சுவத்தைத் துடைச்சவ நான். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், பாப்பாவா பாருன்னு என்னை அனுப்புவாங்க. ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாத்துட்டு வந்து, இல்ல, பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு சொன்னவளும் நான்தான்.

— போதும் அண்ணி.

— போதாது. ஏன் வரலை நீ?

— வேலை இருந்துச்சு.

— என்ன வேலை?

— வீடுன்னா நூறு இருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. பொண்ணுக்குப் பரீட்சை.

— மூணு வருஷமும் பரீட்சைதானா?

— நீங்க என்ன, என்னைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கிறீங்க? எங்கம்மாவைப் பாத்துக்கிட்டீங்கங்கிறதுக்காக நான் ஆயுசுக்கும் உங்க முன்னாடி கைகட்டி நிக்கணுமா? சித்தப்பா பையன் கல்யாணத்துல சொந்தக்காரங்க ஒருத்தர்கூட என் மூஞ்சியைப் பாத்துப் பேசலை. பெத்தவளுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்காதவன்னு நீங்க சொன்னதா என் காதுக்கே வந்துச்சு.

— சொன்னேன். இல்லைன்னு மழுப்ப மாட்டேன். கேட்டவங்ககிட்டயும் சொன்னேன், கேக்காதவங்ககிட்டயும் சொன்னேன்.

— அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை? அம்மா பீரோவுல என் படிப்பு சர்டிபிகேட் இருக்கு. அதை எடுக்கத்தான் வந்தேன். எடுத்துக் கொடுங்க, போயிடறேன்.

— சர்டிபிகேட் வாங்க வந்தவ பையில டூத்பிரஷ் எதுக்கு நீட்டிக்கிட்டு இருக்கு?

— அது... ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு. உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்.

— வேண்டாம்னா எங்க போவே?

— எங்க வீட்டுக்கு.

— பாப்பா, திட்டு, தாங்கிக்கிறேன். பொய் மட்டும் சொல்லாதே.

— நான் எதுக்குப் பொய் சொல்லணும்? பேச்சை மாத்தாதீங்க. இந்தச் சுவத்தைப் பத்தித்தான் பேச்சு. இதைப் பாத்தா உங்களுக்கே நல்லாவா இருக்கு?

— சத்தியமா இல்ல. மழை வரப் போற வானம் மாதிரி உம்முன்னு இருக்கு. கடைக்காரர்கூட ரெண்டு தடவை கேட்டார், இதைத்தான் கலக்கணுமான்னு.

— பிடிக்காத கலரை எதுக்கு அடிக்கிறீங்க?

— எனக்கு வந்தது அதுதான். போன்ல படம் அனுப்பி, இதே நிறம்தான் வேணும், ஒரு துளி மாறக் கூடாதுன்னு சொன்னா.

— யாரு?

— உன் பொண்ணு.

— அவ காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா.

— அங்க இருந்துதான் போன வாரம் கூப்பிட்டா. அத்தைன்னு ஒரு வார்த்தை சொன்னா, அப்புறம் பத்து நிமிஷம் அழுகைதான் கேட்டுச்சு. நான் போனை வெச்சிருப்பேன், உன் மேல இருந்த கோவத்துல. நல்லவேளை வெக்கலை. அப்பா ஆபீசுக்குப் போறப்ப அம்மாவை உள்ள வெச்சு வெளியில பூட்டிட்டுப் போறாருன்னு சொன்னா. பாட்டி சாகக் கிடந்தப்பவும் அப்படித்தான்னு சொன்னா. ஒரு தடவை நீ ஆசையா இந்தக் கலர்ல ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வெச்சியாம், தன்னைக் கேக்காம எப்படி வாங்கலாம்னு அதைத் தெருவுல கவுத்துக் கொட்டினாராம். ரோட்டுல அந்தக் கறை ரெண்டு மழைக்காலம் இருந்துச்சாமே. இன்னும் காயாததால உனக்கே இது அடையாளம் தெரியலை.

— அவ எதுக்கு உங்ககிட்ட இதெல்லாம்... நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.

— இன்னிக்கு எப்படி வெளிய வந்தே?

— பக்கத்து வீட்டம்மா சாவி ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் ஆபீசுக்குப் போனதும்.

— மூணு வருஷமா உன்னைத் திட்டித் திட்டி என் நாக்கே தேஞ்சு போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்? சொல்லு. உங்கம்மா உன்னை நினைச்சு ஏங்கி ஏங்கிப் போனாங்க. நான் அவங்க காதுபடவே உன்னைப் பேசினேன். இப்ப அதை நான் எங்க போய்த் துடைக்கிறது?

— எப்படி அண்ணி சொல்றது, அதுவும் உங்ககிட்ட? அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு அப்பவே சொன்னேனேன்னுதான் முதல் வார்த்தையா ஆரம்பிச்சிருப்பீங்க.

— ஆரம்பிச்சிருப்பேன். ஒரு மணி நேரம் விடாமச் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு, அங்க வந்து உன்னைக் கூட்டிட்டும் வந்திருப்பேன்.

— பாவம் பாத்து ஒரு ரூம் கொடுக்கறீங்களா? எனக்கு யாரோட பிச்சையும் வேண்டாம்.

— பிச்சைன்னு யார் சொன்னா? உங்கம்மா ரூம், அதுல நீ இருக்கப் போறே. எனக்கு உன்னை இன்னும் பிடிக்கலை, அது தனிக் கதை. பிடிக்கிறதுக்கு நாளாகும்.

— எனக்கும் உங்களைப் பிடிக்கலை.

— நல்லது. ரெண்டு நாளைக்கு பெயிண்ட் வாசனை தலையைச் சுத்தும். அது வரைக்கும் ஹால்ல படுத்துக்கோ.

— நீங்க சொன்னா ஆச்சா? அண்ணன் எங்க? என்னை இந்தப் பக்கமே வராதேன்னு சொன்னவர் அவர். அம்மா போன அன்னிக்கு, எல்லார் முன்னாடியும். அவர் வாயால இருன்னு சொல்லட்டும், இருக்கேன். மூஞ்சியைத் திருப்பினார்னா இப்பவே கிளம்பிடறேன்.

— நீ வந்ததுமே அவருக்கு மெசேஜ் போட்டேன். இந்தா, இப்ப போன்ல இருக்கார், நீயே பேசு. விடிஞ்சதும் உன்னைக் கூட்டிட்டு வர வேனோட கிளம்பினவர், உன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னென்ன சாமான் ஏத்தணும்னு கேக்கறார்.