சனிக்கிழமை எண்ணெயும் வேனின் ரப்பர் ஜாயிண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் குடியிருக்கும் யதிராஜன் மனைவி கோதைநாயகி, வயது 46, 1991-ஆம் வருடம் ஆவணி மாதத்தில் தானாகக் காவல் நிலையம் வந்து கொடுத்த வாக்குமூலம்.

புகார் கொடுத்த யதிராஜன் என் கணவர். கல்யாண வாடகைக்கு வேன் வைத்து அவரே ஓட்டுகிறார். ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வைகுண்டராஜ்தான் அந்த வண்டிக்கு மெக்கானிக். அவர் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை.

சித்திரையில் அவர் கியர் பாக்ஸையும், பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டையும் சேர்க்கிற இடத்தில் புது ரப்பர் ஜாயிண்ட் மாட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். "குலுக்கலைத் தாங்குத ரப்பர் மொதலாளி. வெடிப்பு இருக்கா, போல்ட் இறுக்கமா இருக்கான்னு பாத்தாப் போதும். எண்ணெய், கிரீஸ் படவிடாதிய" என்று என் காது கேட்கச் சொன்னார். அதன் பிறகு தண்டின் பின்முனையில் இருக்கும் இரும்பு ஜாயிண்டுக்கு மட்டும் கிரீஸ் அடித்தார். என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. பின்னாடிக்கு விருந்து, முன்னாடிக்குப் பட்டினியா, இதென்ன ஓரவஞ்சனை என்று வழியெல்லாம் புலம்பினார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் முன், கிண்ணத்து நல்லெண்ணெயில் பாதியை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்து, அந்த ரப்பருக்கும் தேய்த்து வந்தார். வண்டிக்குச் சூடு தணியணுமாம். ரப்பர் என்ன உங்க மச்சினனா என்று கேட்டேன். "நீ செத்த சும்மா இரி" என்றார். ஆடிக்குப் பிறகு கிளட்சை விட்டாலே வண்டி உதறியது. எண்ணெய் பத்தலை என்று இன்னும் தேய்த்தார்.

நேற்று பெண் அழைக்கக் கூமாப்பட்டிக்குப் போகையில், வ. புதுப்பட்டி தாண்டி ரப்பர் கிழிந்து தண்டு ரோட்டில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை, ஆண்டாள் புண்ணியம். மாப்பிள்ளை வீட்டார் சிரித்ததில் இவருக்கு ரோஷம் வந்து, பழைய ரப்பரை மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று நேரே இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டார்.

வைகுண்டராஜைப் பிடித்துவந்து இங்கே பெஞ்சில் உட்கார வைத்திருப்பதாகப் பூக்காரி வேலுத்தாய் இன்று காலை சொன்னாள். கேஸ் ஆனால் அப்புறம் அவரை நம்பி எவன் வண்டி விடுவான்? உலையை இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

புகாரோடு இவர் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருந்த ரப்பர், ஊறின பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. அழுத்தினேன், விரலில் நல்லெண்ணெய் வாசம். எஸ்.ஐ. ஐயாவும் மோந்து பார்த்துவிட்டு, அங்கே நின்ற என் கணவரைப் பார்த்தார். அவர், "வண்டி மேல பிரியம்யா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அதன் பிறகு வைகுண்டராஜ் கையைப் பிடித்துக்கொண்டு, புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். வைகுண்டராஜ், "போட்டும் மொதலாளி, வண்டி ரோட்டுல நிக்கி, வாங்க" என்று எழுந்தார். எனக்கு உசிரே வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து என் தலையில் இவர் ஒரு சொட்டு எண்ணெய் வைத்ததில்லை. இது கேஸுக்கு வேண்டாம் என்றார் எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா. எனக்கு வேணும் என்று சொன்னதால் எழுதப்பட்டது. பக்கத்திலிருந்து கேட்ட என் கணவர், வருகிற வெள்ளிக்கிழமை தேய்த்துவிடுவதாக எஸ்.ஐ. ஐயா முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அதுவும் எழுதப்பட்டது.

இம்புட்டும் நான் சொன்னது. வாசித்துக் காட்டக் கேட்டேன். உள்ளது உள்ளபடி இருக்கிறது.

(ஒப்பம்) கோதைநாயகி