எல்லைத் தெரு வீட்டின் விலை

— கதவு, யன்னல், பின்பக்கத்து ஓடு. இந்த மூண்டையும் உடையாமக் கழட்டித் தந்தாப் போதும், யாகோப்பு அண்ணன். செவரும் முன்பக்கத்துக் கொங்கிறீட் தட்டும் கிடக்கட்டும்.

— என்ன கதை கதைக்கிறாய், கமீலா? நான் கல்லு வச்ச வீட்ட நானே பிரிக்கிறதா? கட்டி இன்னம் ஆறு வருசம் முடியல்ல புள்ள.

— கட்டின மேசனுக்குத்தானே எங்க தட்டினா எது கழரும் எண்டு தெரியும்.

— முழு வீடா விக்கப் பாக்கலாமே.

— பாக்காமலா இருந்தன்? தரகர் ஜவுபர் நோம்புக்கு முந்தி ஒரு ஆளக் கூட்டி வந்தார். அறுவதாயிரம் எண்டார். ரெண்டு லெச்சம் முடிஞ்ச ஊடு அண்ணன், நான் மாட்டன் எண்டன். பெருநாளைக்குப் பொறகு இன்னொரு ஆள் வந்து நாப்பது எண்டார். போன கிழமை வந்தவர் உள்ளுக்கே வரல்ல. கேற்றடியில நிண்டு, அந்தப் பக்கம் மொதல் தமிழ் ஊடு எது எண்டு கேட்டார். உங்கட ஊட்டக் காட்டினன். அப்படியே சைக்கிளத் திருப்பிட்டார்.

— என்னப் பாத்தா பயந்தவர்?

— உங்களுக்கு இல்ல. ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல எல்லையாக் கிடக்கிற ஒழுங்கைக்கு.

— என்ட வீட்டுக்கும் அதே கதைதான் புள்ள. என்ட மனிசி இமக்குலேற் மட்டக்களப்புக்குப் போவம் எண்டு ஒத்தக் கால்ல நிக்கிறாள். பாக்க வந்தவன் கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்து நல்லம் எண்டான். மறுகா இந்தப் பக்கம் திரும்பி, இது சோனகர் வீடா எண்டான். அதோட சரி.

— இந்த இடம் வேணாம் எண்டு நான் அப்பவே செல்லினன். சூறாவளியில எங்கட கிடுகு ஊடு பறந்த அண்டைக்கே எங்கட அவர் நிய்யத்து வச்சிட்டார், இனிக் கட்டினா கொங்கிறீட் தட்டுப் போட்டுத்தான் கட்டுற எண்டு. சவுதியில தம்மாமுக்குப் போனார், மாசம் தவறாமக் காசு அனுப்பினார். அவர் மட்டுமா அனுப்பினார்? ஊருல பாதி ஆம்புளைகள் அங்கதான். எல்லார்ர காசும் இந்தச் சின்ன ஊருக்குள்ள வந்து உழுந்திச்சி. பள்ளியடியில அஞ்சாயிரத்துக்குக் கிடந்த வளவு, இவர் காசு சேத்து முடியக்குள்ள அம்பதாயிரம். அவர் அனுப்ப அனுப்பக் காணி தூரமாப் போய்க்கிட்டே இருந்திச்சி. கடைசியா இந்த எல்லையிலதான் எங்களுக்கு எட்டிச்சி.

— ஓம். சீமெந்துக்குக் கிழமைக்கு ஒரு விலை சொன்ன காலம் அது. அப்பிடியும் எனக்கு மூச்சு விட நேரமில்ல. இந்த வருசம் ஒரு அத்திவாரமும் வெட்டல்ல.

— இனியும் வெட்ட மாட்டாங்க. அவர்ர காயிதம் வந்திரிக்கி. எண்ணெய் வெல உழுந்திட்டாம், கொம்பனி ஆக்களத் திருப்பி அனுப்புதாம். மூணு மாசமாச் சம்பளம் இல்ல. நமக்கு ஊடு இரிக்கி, பயப்படாத எண்டு எழுதியிருக்கார். அந்த ஊட்டுக்குள்ள இரிக்கத்தான் பயம் எண்டு நான் எப்படி எழுதுற?

— மகள் றபீக்காட கலியாணக் கதை என்னாச்சு?

— மாப்புளட உம்மா வந்தாங்க. அறையறையாப் பாத்தாங்க. தரையக் கையால தடவி, நல்ல ஊடு எண்டாங்க. வாசலுக்கு வந்த பொறகுதான் மெதுவாச் செல்லினாங்க, என்ட மகன் இஞ்ச வந்து குடியிருந்தா எனக்கு அங்க நித்திரை வராது, ஊருக்குள்ள ஒரு அறையும் குசினியும் சீதனமாக் குடுத்தாலும் போதும் எண்டு. எங்கட உம்மாட வளவுல ஒரு மூலை இரிக்கி. இத வித்த காசுல அங்க கட்ட ஏலா. கழட்டிக் கொண்டு போனா ஏலும்.

— கேளு புள்ள. நீ கூரையில கை வச்சாத் தெரு முழுக்கப் பாக்கும். கமீலாவுக்கு என்னமோ தெரிஞ்சிரிக்கி எண்டுதான் நெனைக்கும். இந்தப் பக்கம் நாலு வீடு மூட்டை கட்டும். அதப் பாத்து எங்கட பக்கம் எட்டு வீடு கட்டும். ஒருத்தரும் ஒருத்தர வெட்ட வந்திருக்க மாட்டாங்க, ஆனாத் தெருவில ஒரு குஞ்சும் இராது.

— போன வருசக் கலவரத்துல எரிஞ்ச ஊட்டுக்காரங்களும் இப்படித்தான் பொறுத்திருந்தாங்க. மஃரிபுத் தொழுகைக்குப் பொறகு நாங்க வெளக்குக் கொழுத்துறல்ல அண்ணன். றபீக்கா இருமல் வந்தாத் தலகாணியக் கடிக்கிறாள். எனக்கு வெல வேணாம். நாளைக்கு ரெண்டு கூலியாளோட வாங்க.

— நாளைக்கு ஏலா.

— மறுநாள் வாங்க.

— அதுவும் ஏலா, கமீலா. எப்பிடிச் சொல்ற எண்டுதான் இவ்வளவு நேரமும் யோசிச்சன். காலையில என்னை ஆமிக் காம்ப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அடிக்கல்ல. தேத்தண்ணி தந்தாங்க. இந்த ஒழுங்கையில ஆர்ர வீட்டுக்குக் கொங்கிறீட் தட்டு, எத்தின அங்குலத் தடிப்பு எண்டு கேட்டாங்க.

— நீங்க என்ன செல்லினீங்க?

— அஞ்சு அங்குலம் எண்டன். பொய் சொன்னா ஏறிப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க.

— அவங்களுக்கு எதுக்கு என்ட தட்டு?

— விடியக்குள்ளயே மகளக் கூட்டிட்டு உம்மாட வீட்ட போயிடு புள்ள. எட்டு மணிக்கு அவங்க வந்து இஞ்ச குடியேறப் போறாங்க. என்ட வீட்டப் பாத்த யன்னலெல்லாத்தையும், துவக்கு நீட்டுற அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டு, கல்லு வச்சு அடைக்கிற வேலைய எனக்குத்தான் தந்திரிக்காங்க.