எட்டின் இடப்பக்கம்

சண்டர்லாந்தில் வெயில் அடித்தால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, இன்ஸ்பெக்டர். கப்பல் பட்டறையில் வரைபடத்துக்கு நகல் எடுப்பவன் நான். இரும்பு உப்பு பூசிய தாளைச் சட்டத்தில் வைத்துக் கூரையில் வெயில் காட்ட வேண்டும். பிறகு அலசினால் தாள் நீலமாகும். கோடுகள் வெள்ளையாக நிற்கும்.

வரைவாளர் ஸ்டாப்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். மாலைப் பள்ளியைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் வரைவறையில் வேலை கேட்டு ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். அதில் பிழை இல்லை. அவர் அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

"ஏய் நீலக்கை, உனக்கு எதுக்குடா பேனா? தொட்டியில கைய விட்டுக் கலக்கு, போ."

அறையே சிரித்தது. இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

எங்களிடம் நகலில் திருத்தம் வந்தால் புதிதாக எடுப்பதில்லை. சலவைச் சோடாக் கரைசலில் பேனாவைத் தோய்த்து எழுதினால் நீலம் வெளுத்துவிடும். ஸ்டாப்ஸ் அடிக்கடி கீழே வந்து அப்படித் திருத்துவார். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பழி யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும்.

பாரந்தூக்கியை அப்போதுதான் பலப்படுத்தியிருந்தார்கள். அதன் கை முழுதும் நீளும்போது தூக்கக்கூடியது 3 டன் என்று புதிய படத்தில் இருந்தது. நகலில் இடப்பக்கம் இரண்டு வளைவு போட்டேன். எட்டானது.

ஓட்டுநர் ஜாஸ் டீஸ்டேல் அதை வாங்க வந்தான். "எட்டா? நம்ம கிழட்டுக் குதிரைக்கு அவ்வளவு தெம்பா?"

"ஸ்டாப்ஸ் திருத்தினது."

"அப்போ சரி. நீ அலசிக் கொடுத்ததை கண்ணை மூடிட்டு நம்பலாம்ணே." தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். தின்றேன்.

கொதிகலனை அவன் தூக்கியபோது நான் கூரையில் இருந்தேன். பாரந்தூக்கியின் கை நீண்டுகொண்டே போனது. அடியில் ஆட்கள் நின்றார்கள். கத்தினால் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் ஸ்டாப்ஸ் தப்பியிருப்பார். சட்டத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

பாரந்தூக்கி சாய்ந்ததில் ஜாஸோடு சேர்த்து நால்வர் செத்தார்கள். அவர்களைக் கொன்றது ஸ்டாப்ஸின் சிரிப்பு. நான் போட்டது இரண்டு வளைவுதான்.

திருத்திய அன்று அவர் காய்ச்சலில் வீட்டில் கிடந்தார் என்கிறீர்கள். அது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் விரித்திருக்கும் நகலில் எட்டின் இடப்பக்கம் மட்டும் பழுப்பேறியிருக்கிறது. சோடா மிச்சமிருந்தால் அப்படித்தான் ஆகும். இன்னொரு முறை அலசியிருக்க வேண்டும்.

ஜாஸ் என் அலசலை நம்பினான். அந்த ஒரு விஷயத்தில் அவனுக்குத் துரோகம் செய்துவிட்டேன்.