கயல்விழி கொடுத்த தண்ணீர்

வெள்ளிக்கிழமைகளில் நான் ஒருசந்தி விரதம் இருப்பேன். சின்ன வயதுப் பழக்கம். பகலில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன். தனியாக இருக்கிறவளுக்கு அதில் சிரமமும் இல்லை. ஏன் சமைக்கவில்லை என்று கேட்க வீட்டில் யாரும் கிடையாது.

காதர் மைதீன் சார், நீங்கள் விசாரணை அதிகாரி. நேராகக் கேட்டீர்கள், நானும் நேராகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் உலகத் தரவரிசையில் ஏன் மேலே வருவதில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பணமில்லை என்பார்கள், இங்கிலீஷ் போதாது என்பார்கள். வேதியியல் துறைத் தலைவியாக எனக்குத் தெரிந்த காரணம் வேறு. நாம் கண்டுபிடிப்பதை முதலில் பக்கத்து ஊர்க்காரரிடம் சொல்லிவிடுகிறோம். அதற்கு மதிப்பு ஏது? வெளிநாட்டு ஆய்விதழில் வந்து, நாலு தேசத்துக்காரர்கள் மேற்கோள் காட்டினால்தான் கணக்கு. எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. ஓய்வு பெறுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

என் ஆய்வு மாணவி விண்ணரசி, பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் போர்வெல் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பதைக் கண்டுபிடித்தாள். நிறமோ மணமோ இல்லாத நஞ்சு. நிதானமாக வேலை செய்யும். கட்டுரை எழுதி அனுப்பினோம். குடிக்கிறவர்களின் உடம்பில் என்ன மாறுகிறது என்பதை இன்னும் இரண்டு வருடம் பார்த்து எழுதுங்கள் என்று பதில் வந்தது. நியாயமான கேள்வி.

"மேடம், டேங்க்ல ஒரு நோட்டீஸாவது ஒட்டிடுவோம்," என்றாள் விண்ணரசி.

"ஒட்டலாம். அப்புறம் யாரும் குடிக்கமாட்டாங்க. எதைம்மா அளப்பே?"

அழுதாள். அவள் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அதை ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவள், அதன்பிறகு வரவில்லை. பட்டம் கைக்கு வந்ததும் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

பிறகு மாதாமாதம் நானே போனேன். தண்ணீர், நகம், தலைமுடி சேகரித்து வருவேன். ஊராட்சித் தலைவர் துரைராசு வீட்டில்தான் உட்காருவேன். அங்கெல்லாம் வந்தவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் பேச்சே தொடங்கும். மறுப்பது அந்த வீட்டையே மறுப்பது மாதிரி. அதனால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனேன்.

துரைராசுவின் மனைவி கயல்விழிக்கு வாய் கொஞ்சம் நீளம். "நம்ம வீட்டுக்கு வந்தா மட்டும் டீச்சருக்கு ஒருசந்தி வந்துடுது," என்பாள். "ஏன் டீச்சர், உங்க சாமி தண்ணிக்குக்கூடவா கணக்குப் பார்க்கும்?"

ஒருநாள் துரைராசு சிரிக்கவில்லை. ஊரில் பலருக்கு உள்ளங்கையில் கரும்புள்ளி விழுந்திருந்தது.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. தண்ணியில ஏதும் கோளாறா? லாரித் தண்ணிக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னைக்கே குழாயைப் பூட்டிடுறேன்."

கயல்விழி தம்ளரை நீட்டியபடி நின்றாள். கேலி பேசவில்லை. வாங்கி முழுவதையும் குடித்தேன். ஒரு தம்ளரால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

"நல்ல தண்ணிதான். தாராளமா குடிங்க."

அவர் அப்போதே லாரிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். கயல்விழி, "பாருங்க, நமக்காக டீச்சர் விரதத்தையே விட்டுட்டாங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. நான் உடனே கையை எடுக்கவில்லை. என்னை யாரும் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தத் தண்ணீரை நானும் குடித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

அடுத்த வருடம் கயல்விழி ஈரல் கெட்டு இறந்தாள். அவளைப் போல இன்னும் சிலர். இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். என் ஒரு வார்த்தையில் நின்றிருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கட்டுரை வெளிவந்தது. நிறையப் பேர் மேற்கோள் காட்டினார்கள். இந்த வருடப் பட்டியலில், கடைசிக்குப் பக்கத்தில் என்றாலும், எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்ல ஆளில்லை.

கயல்விழி இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.