ஐந்தாவது முகம்

பொன்னம்மை: சிரிங்க அத்தான்.

திரவியம்: எதுக்கு?

பொன்னம்மை: காரணம் சொன்னாத்தான் சிரிப்பீங்களோ? கன்னத்துல வரி எங்க விழுதுன்னு பாக்கணும். அது மேலதான் பென்சில் ஓடணும்.

திரவியம்: போன மாசம் பாத்ததுதானே?

பொன்னம்மை: போன மாசம் உங்களுக்கு அறுபது. இன்னைக்கு எழுபது. பத்து வருசத்துல என்னெல்லாம் மாறியிருக்கும்!

திரவியம்: மாசத்துக்குப் பத்து வயசு ஏத்துதே. இப்படியே போனா டிசம்பர்ல என்னைத் தூக்க நாலு பேரு வேணும்.

பொன்னம்மை: டிசம்பர்ல நான் பம்பாய்க்குப் பெட்டி கட்டிட்டு இருப்பேன். வேற ஆளைப் பாருங்க.

திரவியம்: இடம் கிட்டினாத்தானே?

பொன்னம்மை: கிட்டும். இந்தப் படம் மட்டும் இன்னைக்கு ஒழுங்கா விழட்டும்... வாயை மூடுங்க, மீசை ஒட்டணும்.

திரவியம்: ம்... ம்ம்...

பொன்னம்மை: என்ன?

திரவியம்: நாறுதுட்டி இந்தக் கோந்து.

பொன்னம்மை: ஜூன் மாசத்துல இருந்து இதைத்தான் சொல்லுதீங்க. பிடிச்சுக்கிட்டு இருங்க. உதட்டை அசைக்கக்கூடாது.

வேதமாணிக்கம்: மக்களே! கிழக்க மேகம் கறுத்துட்டு வருது. அரை மணிக்கூர்தான். மழை இறங்கிட்டுன்னா இந்த ஸ்டுடியோ மேல கண்ணாடி ஓடு இருக்கதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு.

பொன்னம்மை: பல்பு போட்டு எடுக்க முடியாதா அண்ணாச்சி?

வேதமாணிக்கம்: எடுக்கலாமே. பல்பு வெளிச்சத்துல உன் வரியெல்லாம் பென்சில் வரின்னு பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பம்பாய் நாடகப் பள்ளிக்கூடத்துக்காரனுக்குத் தெரியாதாக்கும்?

பொன்னம்மை: நாளைக்கு எடுத்தா?

வேதமாணிக்கம்: தம்பி நாளைக்குக் காலம்பற பஸ்ஸுக்கு நாகர்கோவில் போறாருன்னு நீதானே சொன்னே? சீக்கிரம் முடி. நான் இருட்டறையில பிளேட்டு போட்டுட்டு வாரேன். சுசீலா! நீ அங்கதானே இருக்கே? ஆங், தையல் மெஷின் ஓடுது. இருக்கா.

திரவியம்: போயாச்சா?

பொன்னம்மை: உதடு!

திரவியம்: ஒட்டிட்டுது போதும். சுசீலாக்கா மாசாமாசம் அதே பாவாடையைத்தான் தைக்காளோ?

பொன்னம்மை: பக்கத்து முறியில, சுவருக்கு அந்தப் பக்கம், ஆள் இருந்தாத்தான் நான் உங்க முகத்தைத் தொடலாம்னு அம்மை சொல்லியிருக்கா. அண்ணாச்சி வீட்டு அக்கா வாக்குக் குடுத்திருக்காங்க. அவங்களுக்கு எட்டிப் பாக்க மடி, கூச்சம். காதுதான் இங்க. நாம பேசினா மெஷின் ஓடும். சும்மா இருந்தா நின்னுரும். கவனிச்சிருக்கீங்களா?

திரவியம்: ஜூன்லயே.

பொன்னம்மை: சொல்லவே இல்ல?

திரவியம்: நீ சொல்லுதியான்னு பாத்தேன்.

பொன்னம்மை: நெத்தியைச் சுருக்குங்க... இன்னும்... ஏதாவது விசனமா நினைச்சுக்கிடுங்க.

திரவியம்: எதை?

பொன்னம்மை: அதையும் நானா சொல்லணும்? உங்க ஆபீஸை நினையுங்க.

திரவியம்: ஆபீஸ்ல பாதிப் பேரு மூட்டை கட்டியாச்சு. வியாழக்கிழமையில இருந்து நாகர்கோவில் மெட்ராஸ் ஸ்டேட்டு, இது கேரளம். எனக்கு அங்க தாலுகா ஆபீஸ்ல நாற்காலி. இனி உன்னைப் பாக்கணும்னா எல்லை தாண்டணும்.

பொன்னம்மை: என்னை எதுக்குப் பாக்கணும்?

திரவியம்: ...எண்பது வயசு வேசம் போட.

பொன்னம்மை: எண்பது அவங்க கேக்கல.

திரவியம்: எத்தனைதான் கேட்டிருக்கான்? அந்தப் பவுடர் டின்னுக்கு அடியில இருக்கே, அதுதானே கடுதாசி? எடு, பாப்போம்.

பொன்னம்மை: தொடாதீங்க! கையெல்லாம் சாயம். எனக்கு மனப்பாடம். ஒரே முகம், அஞ்சு வயசு. ஒவ்வொண்ணுக்கும் வேசத்துக்கு முந்தி ஒரு படம், பிந்தி ஒரு படம். கீழ குறிப்பு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள தபால்ல சேக்கணும்.

திரவியம்: அஞ்சா?

பொன்னம்மை: அஞ்சு. உங்க ஆபீஸ் விலாசம் குடுத்ததுதான் பிசகு. கவர் கிழிஞ்சுல்லா என் கைக்கு வந்துது? மேல வட்டமா ஒரு சீலு வேற.

திரவியம்: தபால் செக்‌ஷன்னா பின்னே எப்படி? வர்ற கடுதாசியைப் பிரிக்கணும், படிக்கணும், தேதிச் சீல் குத்தணும், விசயத்தை ரெண்டு வரியில ரெஜிஸ்டர்ல ஏத்தணும். மூணு வருசமா எனக்கு அதுதானே சோலி.

பொன்னம்மை: அப்போ என் கடுதாசியையும் படிச்சீங்களா?

திரவியம்: சே! அது பியூன் கிழிச்சது. நான் மடிச்சுக் கொண்டாந்து தந்தேன், அவ்வளவுதான்.

பொன்னம்மை: சத்தியமா?

திரவியம்: ஊரான் கடுதாசியைச் சம்பளத்துக்குத்தான் படிப்பேன். சும்மா படிக்க மாட்டேன்.

பொன்னம்மை: கண்ணை மூடுங்க. இமையில வெள்ளை வைக்கணும்.

திரவியம்: சிவப்பு வச்சிராதே.

பொன்னம்மை: அதை இன்னும் மறக்கலையா?

திரவியம்: எப்படி மறக்க? முப்பது வயசுக்காரனுக்கு மினுமினுப்பு வேணும்னு கன்னம் பூராச் சிவப்பை அப்பினே. படத்துல கறுப்பா விழுந்துது. கரிமூட்டை சுமந்துட்டு வந்தவன் மாதிரி நிக்கேன்.

பொன்னம்மை: நாடக மேடையில சிவப்பு சிவப்பாத்தானே தெரியும்? காலேஜ் நாடகத்துக்கு மூணு வருசமா அப்படித்தானே போடுதேன்! கேமராவுக்குச் சிவப்பு கறுப்புன்னு யாரு கண்டா? அதையும் மறைக்காமக் குறிப்புல எழுதியிருக்கேன். பிழை, காரணம், மறுபடி எடுத்த படம்.

திரவியம்: அறுபதுலயும் ஒரு பிழை இருக்கு.

பொன்னம்மை: தெரியும். கை.

திரவியம்: கிழவன் கம்பைப் பிடிச்சிட்டு நிக்கான். கை மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் கை.

பொன்னம்மை: அதான் இன்னைக்குக் கைக்கும் போடணும். நீட்டுங்க... விரலை விரிச்சு... ஐயே, இறுக்காதீங்க. நரம்பு தெரியட்டும்...

திரவியம்: ...

பொன்னம்மை: ...

திரவியம்: பொன்னு. மெஷின் நின்னுட்டுது.

பொன்னம்மை: ஆங்... அக்கா கேக்கட்டும், சத்தமாவே சொல்லுதேன். நரம்புக்கு நீலம்! ரெண்டு பக்கமும் சாம்பல் நிறம்! விரல் முட்டுல கொஞ்சம் தவிட்டு நிறம்!

திரவியம்: ஓடிட்டுது.

பொன்னம்மை: இந்த மோதிரம் புதுசோ?

திரவியம்: பூதப்பாண்டியில பெண்ணு வீட்டுல போட்டாங்க. போன புதனாழ்ச்ச நிச்சயம். உங்க வீட்டுக்குச் சொல்லியிருப்பாங்களே?

பொன்னம்மை: சொன்னாங்க. தையிலயாம்லா.

திரவியம்: கழத்தணுமா? கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் போட்டா வரும்.

பொன்னம்மை: வேண்டாம். இருக்கட்டும். எழுபதுலயும் அது இருக்கும்லா... அதைச் சுத்திச் சதை கொஞ்சம் சுருங்கியிருக்கணும், அவ்வளவுதான். போட்டுருதேன்.

திரவியம்: எழுபதுல நான் இப்படீன்னா, பக்கத்துல இருக்கவ எப்படி இருப்பா?

பொன்னம்மை: பூதப்பாண்டிக்காரியைக் கூட்டிட்டு வாங்க. போட்டுக் காட்டுதேன்.

திரவியம்: கோவமா?

பொன்னம்மை: எனக்கென்ன கோவம்? அவங்க இந்த முகத்தைப் பாக்க இன்னும் நாப்பத்திநாலு வருசம் காத்திருக்கணும், பாவம்.

திரவியம்: நீ?

பொன்னம்மை: நான் இன்னைக்கே பாத்தாச்சு. மதி, அது போதும்.

வேதமாணிக்கம்: ஆச்சா? ஆச்சா? ஏசுவே... யாரு இது! தம்பியா? உள்ள வந்ததும் எந்திரிச்சுக் கும்பிடப் போனேன். கையைப் பாரேன், கையை! மக்களே, பம்பாய்க்காரன் உனக்கு இடம் தரலேன்னா அவன் குருடன்.

பொன்னம்மை: வெளிச்சம் இருக்கா அண்ணாச்சி?

வேதமாணிக்கம்: ஒரு படத்துக்கு இருக்கு. தம்பி, நெஞ்சை நிமித்தாதீங்க, எழுபதாச்சு. ஆங். கம்பு மேல கை. கேமராவைப் பாக்கண்டாம்.

திரவியம்: பின்னே எங்க பாக்க?

வேதமாணிக்கம்: அந்தச் சன்னல் பக்கம்... பொன்னம்மை நிக்குல்லா, அங்க. அனங்கப்பிடாது, ஆடாம நில்லுங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு. மதி மதி! கொள்ளாம், நல்லா வந்திருக்கு. பேத்தியை ரயிலேத்திவிட்ட கிழவன் பார்வை. எங்க படிச்சீங்க தம்பி இந்த நடிப்பு?

திரவியம்: தபால் செக்‌ஷன்ல.

வேதமாணிக்கம்: ஹஹ்ஹா! நான் போய் இதைக் கழுவுதேன். பிரிண்டு நாளைக்குத் தாரேன் மக்களே. மழை வருமுந்தி தம்பி முகத்தைத் துடைச்சுவிடு. இந்தக் கோலத்துல இறங்கினா சாலைக் கடைத்தெருவுல வண்டிக்காரன் கைபிடிச்சு ரோட்டைக் கடத்திவிடுவான்.

பொன்னம்மை: குனியுங்க அத்தான். தேங்காயெண்ணெய்தான்.

திரவியம்: முடிஞ்சுதுல்லா?

பொன்னம்மை: முடிஞ்சுது. இனி வேசம் கிடையாதுன்னு அம்மைகிட்ட அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

திரவியம்: மாமாவுக்குச் சம்மதமா, பம்பாய்?

பொன்னம்மை: மாட்டுங்காவுல சித்தப்பா வீட்டுல இருந்து படிக்கதுன்னாச் சரியாம். ஆனா உள்ளுக்குள்ள, இடம் கிட்டாதுன்னு ஒரு தைரியம் அப்பாவுக்கு... மீசையைப் பிடுங்கப் போறேன். பல்லைக் கடிச்சுக்கிடுங்க.

திரவியம்: ஸ்... ஆ!

பொன்னம்மை: எழுபது போச்சு... அறுபது... இந்தா அம்பது. கண்ணைத் திறக்காதீங்க, எண்ணெய் இறங்கும்... இது என்ன, போக மாட்டேங்குது?

திரவியம்: எது?

பொன்னம்மை: புருவத்துக்கு நடுவுல ஒரு வரி. இதுக்கு நான் பென்சிலே வைக்கலையே...

திரவியம்: அழுத்தித் துடை.

பொன்னம்மை: துடைச்சாச்சு. எண்ணெய் போயிட்டு, சாயம் போயிட்டு. வரி நிக்குது. அத்தான், இது உங்க வரி.

திரவியம்: எல்லாருக்கும் இருக்கதுதான்.

பொன்னம்மை: உங்களுக்கு இல்ல. ஆல்பம் இருக்கே, பாருங்க. வேசத்துக்கு முந்தின படம் மட்டும் பாருங்க. இது ஜூன். சுத்தமா இருக்கா? ஜூலை. இது ஆகஸ்ட்டு, ஒண்ணும் இல்ல. இந்தா... செப்டம்பர்.

திரவியம்: படத்துல கீறல் விழுந்திருக்கும்.

பொன்னம்மை: கீறல் இல்ல. அஞ்சு மாசமா நான் போட்ட வரியைத்தான் நான் பாத்துட்டு இருந்தேன். இதைப் பாக்கவே இல்ல... ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் நடுவுலதானே அத்தை எங்க வீட்டுக்கு வந்தா? ஆவணியில? என்னைக் கேட்டு?

திரவியம்: அதெல்லாம் இப்போ எதுக்கு?

பொன்னம்மை: நான் அடுக்களையில நின்னுக்கிட்டு, கல்யாணம் வேண்டாம், படிக்கப் போறேன்னு சொன்னேன். அத்தை காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன். வந்தீங்க. அறுபது வயசுக்கு முகத்தைக் காட்டிட்டு உக்காந்தீங்க. ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு ஒரு வார்த்தை கேக்கல.

திரவியம்: கேட்டா மாத்திச் சொல்லியிருப்பியா?

பொன்னம்மை: சொல்லிருவேனோன்னு பயந்துதான் அன்னைக்கு வாயே திறக்கல.

திரவியம்: அதான் அன்னைக்கு மெஷின் ஓடவே இல்ல.

பொன்னம்மை: ...வேண்டாம்னு சொன்னது பொய்யில்ல அத்தான். போணும்னுதான் இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா பம்பாய்தான். ஆனா அந்தப் பம்பாய்ல யாரு முகத்துக்குப் போட்டாலும், தாடையில இந்தக் குழி எங்கன்னு தேடும் என் விரலு. அதுக்கு நான் என்ன செய்ய?

திரவியம்: போ. நல்லாப் போ. நீ போகாம இருந்துட்டா அந்த வரி உனக்கு விழும்.

பொன்னம்மை: மழை விழ ஆரம்பிச்சாச்சு.

திரவியம்: நான் இறங்கட்டுமா? ஆல்பத்தை நனையாமக் கொண்டு போ. நாளைக்குப் பிரிண்டும் வந்துட்டா அஞ்சும் சரியா இருக்கும்லா?

பொன்னம்மை: இருக்கும்... அத்தான்.

திரவியம்: என்ன?

பொன்னம்மை: அவங்க அஞ்சு கேக்கல. மூணுதான் கேட்டாங்க. முப்பது, நாப்பது, அம்பது. ஆகஸ்டோட எல்லாம் முடிஞ்சுட்டுது. அறுபதும் எழுபதும் நானாக் கேட்டது. அனுப்பும்போது ஆல்பத்துல இருந்து எடுத்துருவேன். அது எனக்கு.

திரவியம்: ...

பொன்னம்மை: மெஷின் நின்னுட்டுது அத்தான். ஏதாவது பேசுங்க.

திரவியம்: "ஒரே முகம், மூணு வயசு. அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்..." மே மாசம் பதினாலாம் தேதி வந்த கடுதாசி. பிரிச்சதும் நான்தான், படிச்சதும் நான்தான், சீல் குத்தினதும் நான்தான். ரெஜிஸ்டர்ல மட்டும் ஏத்தல, பொன்னு.